கஞ்சி போட்ட துணியும் கழித்துப்போட்ட டிரான்சிஸ்டரும்

பொங்கல் முடிந்து திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் சித்தி மகனும் மட்டும். என்னைவிடப் பத்து வயது இளையவன். மதுரை வரை அவன் போனிலிருந்து ராப் ஓடியது. மேலூர் தாண்டியதும் என் முறை. டெக்னோ ஒன்றைப் போட்டேன், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்த, மெஷினில் கட்டுகிற நடன இசை. இரண்டு நிமிடம் பொறுத்தான்.

"அண்ணே, இதுல என்ன இருக்கு? ஒரு வார்த்தை இல்ல. மில்லுல மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு. ராப்ல ஒருத்தன் தன் வாழ்க்கையையே சொல்றான். அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்டா. ஒரே வீட்டுப் பிள்ளைங்க."

அவன் நம்பவில்லை. விழுப்புரம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னதில் பாதி விட்டுப்போனது. அந்தப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், அவனுக்காகவும், அவனைப் போலக் கேட்கிற மற்றவர்களுக்காகவும்.

ராப் பிறந்த ஹிப்-ஹாப்புக்கும், ஹவுஸ், டெக்னோ போன்ற எலக்ட்ரானிக் நடன இசைக்கும் பொதுவான வேர் எது என்று கேட்டால் சிலர் ஒரு பாட்டைச் சொல்வார்கள், சிலர் ஒரு மெஷினைச் சொல்வார்கள். இத்தனை வருடம் இரண்டையும் கேட்டபிறகு எனக்குத் தோன்றுவது வேறு. பாட்டுப் போடுகிறவர் தலையைத் தூக்கி, ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தார். பாட்டின் எந்த இடத்தில் கால் துள்ளுகிறது என்று கவனித்தார். அந்த இடத்தை மட்டும் பிடித்து நீட்டினார். இரண்டு இசையும் அந்தப் பார்வையிலிருந்துதான் வந்தன.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடி. தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கான பொதுக்கூடம். சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று ஒரு பார்ட்டி வைக்கிறாள். அழைப்பைச் சின்ன அட்டைகளில் கையாலேயே எழுதியிருந்தார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போடுவது அண்ணன் கிளைவ், 18 வயது. ஆள் நல்ல உயரம், அதனால் ஹெர்குலிஸ் என்று கூப்பிட்டு அது ஹெர்க் ஆகிவிட்டது. கூல் ஹெர்க்.

கேம்ப்பெல் குடும்பம் ஜமைக்காவைச் சேர்ந்தது. கிளைவ் 1967இல் 12 வயதில் கிங்ஸ்டனிலிருந்து வந்தவர். கிங்ஸ்டனில் அப்போது சவுண்ட் சிஸ்டம் என்பது பெரிய விஷயம். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்துத் தெருவிலேயே ஆட்டம் நடக்கும். யாருடைய பாஸ் கனமாக இறங்குகிறதோ அவர் பக்கம் கூட்டம் போகும். பாடகரின் குரலை எடுத்துவிட்டு வெறும் தாளமும் பாஸும் மட்டும் உள்ள பதிப்புகளை இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டு விற்பார்கள். அதன்மேல் மைக்கைப் பிடித்து ஒருவர் பேசிக்கொண்டே போவார். இதையெல்லாம் வெளியே நின்று பார்த்து வளர்ந்த பையன்தான் பிராங்ஸுக்கு வந்து, அப்பா வாங்கி வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் செட்டைக் கையிலெடுத்தான்.

அப்போதைய பிராங்ஸ் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தின் குறுக்கே நெடுஞ்சாலை போட குடியிருப்புகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். வேலை போயிற்று. கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. கையில் இருப்பது வீட்டிலிருக்கும் ரெக்கார்டுகளும், பூங்காவிலிருக்கும் விளக்குக் கம்பமும்தான். பின்னாட்களில் அந்தக் கம்பத்திலிருந்தே கரண்ட் இழுத்து, திறந்தவெளியில் பார்ட்டி நடத்தினார்கள்.

ஹெர்க் கவனித்தது இதுதான். தாளமும் பாஸும் தூக்கலான ஃபங்க் பாட்டு ஓடும்போது ஒரு கூட்டம் ஓரமாகவே நிற்கிறது. பாட்டின் நடுவே பாடகர் நிறுத்தி, கிட்டாரும் ஊதுகருவிகளும் ஒதுங்கி, டிரம்ஸும் கொஞ்சம் பாஸும் மட்டும் தனியாக வருகிற சில நொடிகள் இருக்குமே, அதற்கு 'பிரேக்' என்று பெயர். அந்த இடம் வந்ததும் ஓரத்தில் நின்றவர்கள் நடுவே பாய்கிறார்கள். பத்து நொடி. பாடகர் திரும்ப வந்ததும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் இந்தப் பத்து நொடிக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றால், மீதிப் பாட்டு எதற்கு? ஒரே ரெக்கார்டில் இரண்டு வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே பிரேக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் ஒரு பாட்டின் பிரேக்கிலிருந்து நேராக அடுத்த பாட்டின் பிரேக்குக்கு. இதற்கு ராட்டினம் என்ற பொருளில் 'மெர்ரி-கோ-ரவுண்ட்' என்று பெயர் வைத்தார். ஜேம்ஸ் பிரவுனில் ஆரம்பித்து இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டுக்குத் தாவும் ராட்டினம். அந்தப் பிரேக்குக்கு ஆடியவர்கள்தான் பி-பாய்கள். எந்த ரெக்கார்டு என்று மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம்.

ஹெர்க் ஊசியைக் கண்மதிப்பில்தான் வைப்பார். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது தாளம் தட்டும். அதைச் சரிசெய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். பார்படோஸில் பிறந்தவர், பிராங்ஸில் வளர்ந்தவர், தொழிற்பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். ரெக்கார்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பது போல அந்தக் கோட்டைப் பார்த்து, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்பினால் பிரேக் திரும்ப ஆரம்பிக்கும் என்று கணக்குப் போட்டார்.

இது வாசிக்க எளிதாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் பெங்களூரில் நண்பர் வீட்டில் இரண்டு டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள்கள் முன் நின்றபோதுதான் இதன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றைவிடச் சற்றே கூடுதலாகச் சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 110 அடி வேகமுள்ள ஃபங்க் பாட்டில் நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தனத்துக்கு ஏறக்குறைய 2.2 நொடி ஆகும். ஆக, இரண்டு ஆவர்த்தனப் பிரேக் என்றால் தட்டு இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். இடது தட்டில் பிரேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது தட்டை அந்த அளவு பின்னால் திருப்பி, ஒரு காதில் ஹெட்போனை வைத்து முதல் அடி எங்கே என்று தடவிப் பார்த்து, விரலால் பிடித்து நிறுத்தி, சரியான நொடியில் விட வேண்டும். விட்ட கையோடு இடது தட்டைத் திருப்ப வேண்டும். மொத்தம் இருப்பது நாலரை நொடி. நண்பர் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். மூன்று மணி நேரம் முயன்று, தொடர்ச்சியாக ஆறு முறை தாளம் தட்டாமல் கொண்டுவந்தேன். ஆறாவது சுற்றில் அறையிலிருந்த இன்னொருவர், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னையறியாமல் தலையாட்டினார். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. தட்டுக்கும் ரெக்கார்டுக்கும் நடுவில் வழுக்கும் துணி. டர்ன்டேபிளோடு வரும் ரப்பர் விரிப்பு ரெக்கார்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கையால் நிறுத்தினால் மோட்டாரே திணறும். ஃப்ளாஷின் அம்மா தையல் தெரிந்தவர். ஃப்ளாஷ் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கி, ரெக்கார்டுக்கு அடியில் வைத்தார். அடியில் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே ரெக்கார்டு விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். இன்று உலகத்தில் எந்த கிளப்புக்குப் போனாலும், ஹவுஸ் போடுகிறவரோ டெக்னோ போடுகிறவரோ, ரெக்கார்டு வைத்திருந்தால் அதற்கடியில் அப்படி ஒரு துணி இருக்கும்.

ஃப்ளாஷ் இரண்டு பேரிடம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தைப் போட வேண்டும் என்பதை ஹெர்க்கிடம். அதைத் தாளம் தட்டாமல் எப்படி இணைப்பது என்பதை பீட் டிஜே ஜோன்ஸிடம். இந்த ஜோன்ஸ் யார்? டிஸ்கோ போடுகிறவர். பெரியவர்கள் நல்ல உடுப்போடு வந்து ஆடுகிற பார்ட்டிகளில், ஒரு பாட்டு எப்போது முடிந்து அடுத்தது எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் கோக்கிறவர். ஹிப்-ஹாப்பின் கைவேலையில் பாதி டிஸ்கோ மேடையிலிருந்து வந்தது. தம்பியிடம் இதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாகச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

சரி, இப்போது ரயிலேறித் தெற்கே மன்ஹாட்டனுக்கு வருவோம். அங்கே கூட்டம் வேறு. பெரும்பாலும் தன்பாலின ஈர்ப்பாளர்கள், கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் போலீஸ் வந்துவிடும் என்ற பயம் இன்னும் முழுதாக விலகாத காலம். 1970 பிப்ரவரி 14 அன்று டேவிட் மான்குசோ பிராட்வே 647இல் தான் குடியிருந்த மாடியிலேயே ஒரு பார்ட்டி வைத்தார். 'தி லாஃப்ட்' என்று பிறகு பெயர் பெற்ற இடம். மது விற்பனை கிடையாது, அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். லாரி லெவனும் ஃபிராங்கி நக்கிள்ஸும் சின்ன வயதில் போய் ஆடி, காது வளர்த்துக்கொண்ட இடம் அது.

இன்னொரு பக்கம் ஃபிரான்சிஸ் கிராசோ. பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய சாங்க்சுவரி கிளப்பில், ஹெர்க்கின் பார்ட்டிக்கும் முன்பே, ரெக்கார்டை விரலால் பிடித்து நிறுத்தி இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் வால்டர் கிப்பன்ஸ். எனக்கு மிகவும் பிடித்தவர், அதிகம் பேசப்படாதவர். கேலக்ஸி 21 என்ற கிளப்பில் ஒரே ரெக்கார்டில் இரண்டு வைத்துக்கொண்டு டிரம்ஸ் வரும் இடத்தை மட்டும் மாற்றி மாற்றி நீட்டுவார். ஹெர்க் செய்த அதே வேலை, அதே நகரம், அதே சில வருடங்கள். பாரிஸிலிருந்து 1975இல் வந்த ஃபிரான்சுவா கெவோர்கியான் என்ற டிரம்மரை, கிப்பன்ஸ் போடும் பாட்டோடு சேர்ந்து நேரடியாக வாசிக்க அந்த கிளப்பில் அமர்த்தினார்கள். அவர் பின்னாளில் நடன இசையின் பெரிய டிஜேக்களில் ஒருவரானார். ரெக்கார்டிலிருந்து வரும் டிரம்ஸோடு மனிதக் கை போட்டியிட்ட அந்த ராத்திரிகளில் ஒன்றையாவது கேட்டிருக்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

கையால் நீட்டியதை ரெக்கார்டிலேயே நீட்டினால் என்ன? இந்த இடத்தில் ஒரு தற்செயல் உதவியது. டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸர் 1970களின் நடுவில் ஒரு பாட்டின் மாதிரித் தட்டை வெட்டப் போனார். 7 அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துவிட்டது, பெரிய தட்டுதான் இருந்தது. சின்னப் பாட்டு பெரிய தட்டில் மெல்லிய பட்டையாகப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்க, வரிகளை இடைவெளி விட்டுப் பரத்தச் சொன்னார். போட்டுப் பார்த்தால் சத்தம் அதிர்ந்தது. காரணம் எளிது. பாஸ் கனமானால் ஊசியின் பள்ளம் பக்கவாட்டில் அதிகம் வளைய வேண்டும், அதற்கு இடம் வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் 12 அங்குல சிங்கிள். 1976இல் முதன்முதலாகக் கடைக்கு விற்பனைக்கு வந்த 12 அங்குலங்களில் பேர்போனது 'டென் பெர்சென்ட்'. அதை ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக நீட்டி ரீமிக்ஸ் செய்தவர் வேறு யாருமில்லை, வால்டர் கிப்பன்ஸ்.

மூன்று வருடம் கழித்து ராப் என்ற ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியவைத்த 'ராப்பர்ஸ் டிலைட்' வந்தது. 12 அங்குலத் தட்டு, பதினான்கு நிமிடத்துக்கும் மேல். அடியில் ஓடிய இசை? அந்த வருட ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்'. சுத்தமான டிஸ்கோ. ஸ்டூடியோ கலைஞர்களை வைத்து அதே பாஸ் வரியைத் திரும்ப வாசிக்கவைத்து, அதன்மேல் மூன்று பேர் பேசினார்கள். ராப்பின் முதல் பெரிய வெற்றி டிஸ்கோவின் தோளில் உட்கார்ந்துதான் வந்தது.

அதே 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு ரெக்கார்டும் 98 சென்ட்டும் கொடுத்தால் உள்ளே போகலாம். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ், சின்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். மக்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளும் இருந்ததை அவன் கண்டான். ஐந்து வருடம் கழித்து, 1984இல், ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' பாட்டை உருவாக்கியது இதே வின்ஸ் லாரன்ஸ்தான். ஹவுஸ் இசையின் முதல் ரெக்கார்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். எரித்த ஊரிலேயே திரும்ப முளைத்தது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

முளைக்க உதவியது மெஷின்.

1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தது. விலை 1,195 டாலர். அதே காலத்தில் வந்த லின் எல்எம்-1 நிஜ டிரம்ஸின் பதிவை வைத்திருந்தது, ஆனால் விலை ஏறக்குறைய 5,000 டாலர். 808இல் பதிவு எதுவும் கிடையாது. மின்சுற்றே ஒலியை உண்டாக்கும். கீழே வரிசையாக 16 பொத்தான். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். வாசிக்கத் தெரியாதவனும் ஒரு மாலையில் தாளம் கட்டிவிடலாம். நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அந்தக் காலத்தில் பலரும் ஒதுக்கினார்கள். பேஸ் டிரம் ஒரு கம்பத்தைப் போல நீண்டு இறங்கும், சிம்பல் ஏதோ எண்ணெயில் பொரிவது போல இருக்கும். அந்தப் பொரியும் ஓசைக்குக் காரணம் குறையுள்ள டிரான்சிஸ்டர்கள் என்று ரோலண்டை நிறுவிய இகுதாரோ காகேஹாஷி சொன்னார். தரச் சோதனையில் கழித்துப்போட்டவற்றை வேண்டுமென்றே வாங்கிப் பொருத்தினார்கள். செமிகண்டக்டர் தொழில்நுட்பம் முன்னேறியது, குறையுள்ளவை கிடைப்பது நின்றது, 808உம் 1983இல் நின்றது. மொத்தம் 12,000 அளவில்தான் செய்தார்கள். அப்புறம் அது பழைய சாமான் விலைக்கு வந்தது. பணமில்லாத பையன்கள் கைக்குப் போனதும் அப்போதுதான்.

ஆனால் அதற்கு முன்பே, 1982இல், எல்லாம் ஒரே அறையில் சந்தித்துவிட்டன. பிராங்ஸில் ஆப்பிரிக்கா பம்பாட்டா என்ற டிஜே, தன் பார்ட்டிகளில் ஜேம்ஸ் பிரவுனுக்கு நடுவே ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கைப் போடுவார். டுசல்டார்ஃபில் நான்கு பேர் இயந்திரங்களை வைத்து ரயில் ஓசையைப் பாட்டாக்கியது, பிராங்ஸ் பையன்களை ஆடவைத்தது. கிராஃப்ட்வெர்க்கின் ஒரு பாட்டிலிருந்து மெட்டு, இன்னொன்றிலிருந்து தாளக்கட்டு. ஆர்தர் பேக்கர் தயாரிப்பு, ஜான் ரோபி கீபோர்டு. பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்திருந்த ஒருவரை அவருடைய 808உடன் 20 டாலருக்குக் கூப்பிட்டு வந்தார்கள். அப்படி உருவானது 'பிளானட் ராக்'. இது ராப்பா? ஆம், குழுவாக மைக்கில் முழங்குகிறார்கள். நடன இசையா? ஆம், நிமிடத்துக்கு 127 அடிக்கு மேல், மெஷின் தாளம், சின்தசைசர். கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சந்தி ஞாபகம் வரும், ரயில்வே ஜங்ஷன் மாதிரி. அங்கிருந்து ஒரு பாதை மயாமி பாஸ் என்ற இசைவகைக்குப் போகிறது, இன்னொன்று டெட்ராய்ட்டுக்கு, இன்னொன்று பிரேசிலில் ரியோவின் மலைச்சேரிகளுக்கு. தம்பி கேட்கிற அட்லாண்டா ராப்பில் காரின் கதவு அதிர இறங்குகிற அடி இருக்கிறதே, அது இதே 808இன் பேஸ் டிரம்தான். பெயரையே 'எயிட்-ஓ-எயிட்' என்றுதான் அவன் சொல்கிறான். மெஷினின் பெயர் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிகாகோவுக்கு 1977இல் போன ஃபிராங்கி நக்கிள்ஸ், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் பாட்டுப் போட்டார். ஹவுஸ் என்ற பெயரே அந்த கிளப்பின் பெயரில் பாதி. டெட்ராய்ட்டைச் சேர்ந்த டெரிக் மே ஒரு டிஆர்-909 டிரம் மெஷினை அவருக்கு விற்றார், இப்படி இரண்டு ஊர்களும் பின்னிக்கொண்டன. அந்த டெட்ராய்ட்டில் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் ராத்திரியில் கிராஃப்ட்வெர்க், பிரின்ஸ், ஃபங்கடெலிக் எல்லாவற்றையும் கலந்து போட, அதைக் கேட்டு வளர்ந்த ஜுவான் அட்கின்ஸ், ரிக் டேவிஸோடு சேர்ந்து சைபோட்ரான் என்ற பெயரில் 1983இல் 'கிளியர்' பாட்டை வெளியிட்டார். மேலூரில் நான் போட்டது அந்த வம்சத்து இசைதான்.

சிகாகோவில் ஒரு ராத்திரியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃப்யூச்சர் என்ற குழு, பாஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மாற்றாக ரோலண்ட் செய்து விலைபோகாமல் போன டிபி-303 மெஷினின் திருகுகளைக் கண்டபடி முறுக்கி, நெளிந்து கீச்சிடும் ஒரு ஒலியைப் பதிவு செய்தது. மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி அந்த டேப்பைப் போட்டார். ஆடுகளம் காலியானது. அவர் விடவில்லை, அதே ராத்திரியில் திரும்பப் போட்டார், மறுபடியும் போட்டார். நான்காவது தடவை கூட்டம் வெறிகொண்டு ஆடியது. 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று ரெக்கார்டாக வந்தது அதுதான். அங்கேயும் தீர்ப்புச் சொன்னது கால்தான்.

மனதில் பாரமாக நிற்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு சிங்கிள் வெளியிட்டது. முன்பக்கப் பாட்டு கிராமி விருது வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்ற வாத்தியப் பாட்டு. அதில் ஒரு நிமிடம் 26 நொடி அளவில் மற்ற எல்லோரும் நிறுத்த, கிரிகரி கோல்மன் நான்கு ஆவர்த்தனம் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். ஏழு நொடி. முதல் இரண்டும் நேராக ஓடும். மூன்றாவதில் ஸ்நேர் அடி ஒன்று அரை எண்ணிக்கை தாமதமாக விழும், கேட்கிறவருக்குக் கால் ஒரு படி தவறியது போல இருக்கும். நான்காவதில் முதல் அடியையே வெறுமையாக விட்டுவிட்டு, சிம்பல் சீக்கிரமே வெடிக்கும். அவ்வளவுதான்.

1986இல் பிராங்ஸ் டிஜேக்களுக்காக பிரேக்குகளைத் தொகுத்து வெளிவந்த 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' தட்டு வரிசையில் அது இடம்பெற்றது. அதே சமயத்தில் சாம்ப்ளர் வந்தது. ஹெர்க் இரண்டு தட்டு வைத்துச் செய்ததை ஒரு பெட்டியே செய்யும். எஸ்பி-1200 என்ற பெட்டியில் மொத்தமே பத்து நொடிதான் பதியும். அதனால் 33 வேகத் தட்டை 45இல் வேகமாக ஓடவிட்டுப் பதிந்து, உள்ளே மெதுவாக்கி இடத்தை மிச்சப்படுத்துவார்கள். ஒலி கொஞ்சம் கரகரப்பாகும், அந்தக் கரகரப்பே ருசியாகிவிட்டது. 1988இல் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு கலிஃபோர்னியாவின் காம்ப்டனிலிருந்து முழங்கிய பாட்டில் ஓடுவது கோல்மனின் டிரம்ஸ். லண்டனின் ஸ்டோக் நியூவிங்டனில் ஷட் அப் அண்ட் டான்ஸ் என்ற இரண்டு பேர், தாங்கள் ராப் செய்வதாகவே நினைத்துக்கொண்டு பிரேக்குகளை வேகமாக ஓட்ட, ரேவ் என்ற விடியவிடிய ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் அதற்கு ஆடியது. கோல்மனின் ஏழு நொடியும் லண்டனில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, 160, 170 என்று வேகமெடுத்தது. அடியில் ஜமைக்கா சவுண்ட் சிஸ்டத்தின் கனமான பாஸ். அப்படிப் பிறந்த இசைவகைதான் ஜங்கிள், பிறகு டிரம் அண்ட் பாஸ். கிங்ஸ்டனிலிருந்து பிராங்ஸுக்குப் போன விதையும், கிங்ஸ்டனிலிருந்து லண்டனுக்குப் போன விதையும் அந்தத் தட்டில்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

கோல்மனுக்கு இதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாமல் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு விஷயம் தெரியவந்தபோது வழக்குப் போடும் காலக்கெடு கடந்திருந்தது. 2015இல் பிரிட்டிஷ் டிஜேக்கள் இருவர் இணையத்தில் நன்கொடை திரட்டி 24,000 பவுண்டு அவரிடம் சேர்த்தார்கள். கொடுத்தவர்களை வணங்குகிறேன். ஆனால் அது தர்மமாகப் போய்ச் சேர்ந்தது, உரிமையாகப் போய்ச் சேரவில்லை. டிரம்மருக்கு அதுவும் இல்லை. இந்த இசையை நேசிக்கிறவர்கள் அந்தப் பெயரையாவது சொல்லிப் பழக வேண்டும். கிரிகரி கோல்மன்.

நம் பக்கம் ஒரு கிளையும் உண்டு. யாழ்ப்பாணத்து வேர்கொண்ட லண்டன்காரர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., தன் முதல் பாட்டுகளை ரோலண்டின் எம்சி-505 பெட்டியில்தான் கட்டினார். 808, 909 ஓசைகள் உள்ளேயே இருக்கும் பெட்டி அது. 2007இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களைப் பதிவு செய்துகொண்டு போனார். அந்த ஆல்பம் ராப்பா, நடன இசையா என்று யாராலும் பிரித்துவைக்க முடியவில்லை.

விழுப்புரம் தாண்டியபோது என் கதை தீர்ந்துவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நான் 'கிளியர்' பாட்டைப் போட்டேன். நாற்பது நொடி ஓடவிட்டு, நிறுத்தாமல், மிஸ்ஸி எலியட் 2005இல் வெளியிட்ட 'லூஸ் கன்ட்ரோல்' பாட்டுக்கு மாற்றினேன். அது அவனுக்குத் தெரிந்த பாட்டு, ஸ்கூல் காலத்திலிருந்தே கேட்கிறான். அதே சின்தசைசர், அதே வரி. மேலே மிஸ்ஸியின் ராப்.

"டேய்," என்றான். என்னைப் பார்த்துத்தான்.

மதுராந்தகத்துக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன, வண்டி ஊர்ந்தது. டாஷ்போர்டிலிருந்த போனை எடுத்தவன், கட்டைவிரலால் கோட்டைப் பின்னால் இழுத்து அந்தப் பத்து நொடியைத் திரும்பக் கேட்டான். முடிந்ததும் மறுபடி இழுத்தான். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது போலிருக்கிறது, ஒரு நூலளவு முன்னால் தள்ளி, சரியாக அந்த அடியில் கொண்டுவந்து விட்டான்.